மிசலுக்கு எந்த இத்தாலிய ஒயின்? 150% வரி 20% ஆனால் உங்கள் பில்லில் எவ்வளவு குறையும்?

2025 டிசம்பர் 10, டெல்லி செங்கோட்டை. யுனெஸ்கோ கூட்டத்தில் தீபாவளியும் இத்தாலியச் சமையலும் ஒரே நாளில் உலகின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்ந்தன. அடுத்த ஏழு வாரத்தில், 2026 ஜனவரி 27 அன்று, அதே டெல்லியில் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக அறிவித்தன.

அன்று மாலையே வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வரி சுற்றியது: "ஒயின் வரி 150%-லிருந்து 20%."

புனேயில் ஹிஞ்சவாடியிலோ கராடியிலோ வேலை பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் ஒரு பாட்டில் வாங்குகிறவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி. ஆனால் அந்த ஒற்றை வரி மூன்று விஷயங்களை மறைக்கிறது. 20% என்பது எல்லா ஒயினுக்கும் இல்லை. அது எந்த ஒயினுக்கோ, அந்த ஒயின் நம்ம ஊர் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. கடைசி விலையைத் தீர்மானிப்பதில் டெல்லிக்கு இருக்கும் பங்கைப் போலவே மும்பையில் இருக்கும் மாநில அரசுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

இந்தப் பேச்சுவார்த்தை 2007-ல் தொடங்கியது. 2013-ல் நின்றுபோனது. 2022-ல் மறுபடி தொடங்கியது. முதல் சுற்று முறிந்ததற்குக் கார்களோடு சேர்த்து ஒயின், மதுபான வரிகளும் ஒரு காரணம்.

இந்தியா இப்போது இறக்குமதி ஒயினுக்கு 150% வரி போடுகிறது. 2021 பட்ஜெட்டிலிருந்து இது இரண்டு துண்டாக இருக்கிறது: 50% அடிப்படைச் சுங்க வரி, 100% வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி. பெயர்தான் மாறியது, மொத்தம் மாறவில்லை.

ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட சுருக்கத்தின்படி, ஒப்பந்தம் அமலுக்கு வரும்போது ஒயின் வரி 75% வரை இறங்கும். பிறகு சில ஆண்டுகளில் படிப்படியாக, உயர் விலை ஒயினுக்கு 20%, நடுத்தர விலை ஒயினுக்கு 30% என்று வந்து நிற்கும். பாட்டில் 2.5 யூரோவுக்குக் கீழே இருக்கும் மலிவு ஒயினுக்குச் சலுகை இல்லை.

இது புது யோசனை அல்ல. ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் 29 முதல் அமலில் இருக்கும் ஒப்பந்தத்திலும் இதே பாணிதான். பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல் இருந்தால் ஒரு சலுகை, 15 டாலருக்கு மேல் இருந்தால் கூடுதல் சலுகை, 5 டாலருக்குக் கீழே எதுவும் இல்லை. உள்ளூர் ஒயின் தயாரிப்பாளர்களைக் காப்பாற்ற இந்தியா போடும் வேலி இது.

ஜனவரியில் முடிந்தது பேச்சுவார்த்தை மட்டுமே. சட்ட வாசகங்களைச் சரிபார்ப்பது, மொழிபெயர்ப்பு, கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகே வரி மாறும்.

இத்தாலிக்கு ஏன் இந்த அவசரம்?

இத்தாலிய ஒயினுக்கு மிகப்பெரிய வெளிநாட்டுச் சந்தை அமெரிக்கா. 2025-ல் ஐரோப்பியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட 15% வரியிலிருந்து ஒயின் தப்பவில்லை. ஐரோப்பாவிலேயே இளைய தலைமுறை ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் புதுச் சந்தை தேவை.

இந்தியாவில் தலைக்கு ஆண்டு ஒயின் நுகர்வு ஒரு கிளாஸுக்கும் குறைவு. இத்தாலியத் தயாரிப்பாளர் இதை 'சின்னச் சந்தை' என்று பார்ப்பதில்லை, 'இன்னும் தொடங்காத சந்தை' என்றுதான் பார்க்கிறார். அந்தச் சந்தையின் மையம் மும்பை, புனே, டெல்லி, பெங்களூரு போன்ற சில நகரங்கள்.

'இத்தாலிய ஒயின்' என்று ஒன்று இருக்கிறதா?

உண்மையில் இல்லை. 'தென்னிந்தியச் சாப்பாடு' என்று சொல்வது போலத்தான் அதுவும். இத்தாலியில் 20 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திராட்சை, தனிச் சமையல். நூற்றுக்கணக்கான உள்ளூர் திராட்சை வகைகள் இன்றும் பயிராகின்றன.

வடமேற்கில் பீட்மான்ட். குளிர் பிரதேசம், வெண்ணெயும் மாட்டிறைச்சியும் அதிகம். அங்கே நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ, வாயை உலர்த்தும் அளவுக்குத் துவர்ப்பு உள்ளது. நீண்ட நேரம் வேகவைத்த இறைச்சியோடு சாப்பிடவே பிறந்தது.

எமிலியா-ரோமானியா, பன்றி இறைச்சியும் பார்மிஜானோ சீஸும் விளையும் மாநிலம். கொழுப்பு அதிகமான சாப்பாடு. அங்கே லாம்ப்ருஸ்கோ என்ற நுரைக்கும் சிவப்பு ஒயினைக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள். நுரையும் புளிப்பும் நாக்கில் ஒட்டிய கொழுப்பைக் கழுவிவிடும்.

டஸ்கனியில் தக்காளி, ஆலிவ் எண்ணெய், கிரில் செய்த இறைச்சி. அதற்குப் புளிப்பு தூக்கலான சான்ஜோவேசே திராட்சை. கியாந்தி ஒயினின் அடிப்படை இதுதான். கியாந்தி விளையும் எல்லையை 1716-லேயே மெடிச்சி குடும்பத்து ஆட்சியாளர் அரசாணை போட்டு வரையறுத்தார்.

சார்டினியா, லிகூரியா கடற்கரைகளில் மீனுக்கு வெர்மென்டினோ. சிசிலியில் கிரில்லோ, நேரோ டாவோலா.

பக்கத்து வயலில் விளைந்தது பக்கத்து அடுப்பில் வெந்ததோடு சேரும். இத்தாலியர்கள் ஒயினையும் உணவையும் சேர்ப்பதன் அடிப்படை இவ்வளவே. யாரும் உட்கார்ந்து வடிவமைத்தது அல்ல. பல தலைமுறையாக ஒரே மேசையில் இருந்ததால் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்டவை. நமக்கு மீன்குழம்பும் மறுநாள் பழைய சோறும் சேருவது போல.

அப்படியென்றால் அந்த ஒயினை 6,000 கிலோமீட்டர் தூக்கிவந்து புனே தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்?

காரமும் ஒயினும் சேரும்போது வாயில் என்ன நடக்கிறது?

மிளகாயில் இருக்கும் கேப்சைசின் ஒரு சுவை அல்ல, எரிச்சல். நாக்கில் சூட்டை உணரும் நரம்பு வாங்கிகளை அது தட்டி எழுப்புகிறது. சுடுசோறு பட்டால் எந்த வாங்கி மூளைக்குச் சொல்லுமோ, அதே வாங்கி. ஆல்கஹால் இந்த வாங்கிகளை இன்னும் உஷாராக்குகிறது. அதனால் 14% ஆல்கஹால் உள்ள ஒயினை, காரம் சாப்பிட்ட வாயில் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

அடுத்தது துவர்ப்பு, அதாவது டானின். வாழைப்பூவைச் சரியாக ஊறவைக்காமல் சமைத்தால் வாய் பிடித்துக்கொள்ளுமே, அதே வேலை. டானின் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டி வாயை உலர வைக்கும். ஏற்கெனவே எரியும் வாய் உலர்ந்தும் போனால் கஷ்டம்தான்.

புளிப்பு வேறு மாதிரி. உணவில் புளிப்பு அதிகமாக இருந்து ஒயினில் குறைவாக இருந்தால், ஒயின் சப்பென்று இருக்கும். இனிப்பும் அப்படித்தான். உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் கசக்கும். உப்பும் பொரித்த எண்ணெயும் மட்டும் எப்போதும் ஒயினுக்கு நண்பர்கள்.

இதையெல்லாம் கூட்டினால் காரச் சாப்பாட்டுக்கு வேண்டிய ஒயினின் குணம் தெரிந்துவிடும்: ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு குறைவு, நல்ல புளிப்பு, முடிந்தால் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் நுரை. குளிரவைத்துக் குடிக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

புனே தட்டில் எது எதோடு சேரும்?

*மிசல் பாவ்:* முளைகட்டிய பயறு, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய், மிக்ஸர், எலுமிச்சை. காரமும் எண்ணெயும் சேர்ந்தே வருகின்றன. இதற்கு லேசான இனிப்புள்ள லாம்ப்ருஸ்கோவை நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம். கொழுப்பைக் கழுவ எமிலியாவில் எது பயன்பட்டதோ, அதுவே இங்கே எண்ணெய்க்கும் பயன்படும்.

*சாபுதானா வடை, கொத்திம்பீர் வடி:* பொரித்தது, உப்பு தூக்கல். வெனெட்டோ பகுதியின் புரொசெக்கோ. நம்ம ஊர் வெங்காய பஜ்ஜிக்கும் இதே விதி.

*பர்லி வாங்கி:* கத்தரிக்காய்க்குள் வேர்க்கடலை, தேங்காய், எள், வெல்லம், புளி, கோடா மசாலா. கோடா மசாலாவின் தனி வாசனைக்குக் காரணம் தகட்பூல், அதாவது செட்டிநாட்டுச் சமையலில் போடும் நம்ம கல்பாசி. காரம் மிதம், இனிப்பும் புளிப்பும் உண்டு. பீட்மான்டின் பார்பெரா பொருந்தும். நிறம் அடர்த்தி, புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கும் இதைத்தான் சொல்வேன்.

*பொம்பில் வறுவல், கொங்கண் மீன்:* ரவை போட்டு மொறுமொறுவென்று பொரித்தது. வெர்மென்டினோ, அல்லது மார்க்கே மாநிலத்தின் வெர்டிக்கியோ. கூடவே சோல்கடி வைத்தால் ஒயினை மறந்துவிடுங்கள். கோகம் புளிப்புக்கு முன்னால் எந்த ஒயினும் நிற்காது, சோல்கடியே போதும்.

*கோலாப்பூர் பாண்ட்ரா ரஸா:* மட்டன் சாறு, தேங்காய்ப்பால். வெள்ளை நிறம், மிதமான காரம். சிசிலியின் கிரில்லோ. பக்கத்துக் கிண்ணத்தில் வரும் தாம்ப்டா ரஸாவுக்கு ஒயினைவிட மோரே சரி.

*புரண் போளி:* வெல்லமும் நெய்யும். பீட்மான்டின் மொஸ்காட்டோ டாஸ்டி, 5% அளவே ஆல்கஹால் உள்ள இனிப்பு ஒயின். ஆனால் புரண் போளி பல வீடுகளில் முதலில் நைவேத்தியம், பிறகே இனிப்பு. பண்டிகை நாளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

*ஷ்ரூஸ்பரி பிஸ்கட்:* டஸ்கனியில் சாப்பாடு முடிந்ததும் பாதாம் பிஸ்கட்டை வின் சான்டோ என்ற இனிப்பு ஒயினில் தொட்டுத் தின்பார்கள். புனே கேம்ப் பகுதியில் கிடைக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

இந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு பெயர்களைக் கவனியுங்கள்: பரோலோ, அமரோனே. இத்தாலியின் மிகப் புகழ்பெற்ற, விலை உயர்ந்த ஒயின்களில் சில. பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும் என்பது சட்டம். அமரோனேயில் ஆல்கஹால் குறைந்தபட்சம் 14%. இரண்டும் நல்ல ஒயின்கள்தான். ஆனால் தெச்சாவும் தர்ரியும் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டுமே தோற்கும்.

வரிக் கணக்கு இங்கேதான் சுவாரஸ்யமாகிறது.

எந்த பாட்டிலுக்கு எவ்வளவு குறையும்?

மூன்று பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். இந்தியத் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது விலை:

- முதல் பாட்டில்: 200 ரூபாய். 2.5 யூரோ கோட்டுக்குக் கீழே.
- இரண்டாவது: 500 ரூபாய். நடுத்தர வகை.
- மூன்றாவது: 2,000 ரூபாய். உயர் வகை.

துறைமுகத்திலிருந்து கடை வரை இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் மூவரின் லாபமும் செலவும் சேர்த்து 60%, மாநிலத்தின் நிலையான கட்டணங்கள் பாட்டிலுக்கு 300 ரூபாய், எல்லாவற்றின் மேலும் 20% வாட் என்று அனுமானிப்போம். உண்மையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இவை மாறும். இந்தக் கணக்கு திசையைக் காட்டுவதற்கு மட்டுமே.

இன்றைய 150% வரியில் கடை விலை:

- முதல் பாட்டில்: 1,320 ரூபாய்
- இரண்டாவது: 2,760 ரூபாய்
- மூன்றாவது: 9,960 ரூபாய்

வரிக் குறைப்பு முழுசாக அமலான பிறகு:

- முதல் பாட்டில்: அதே 1,320 ரூபாய்
- இரண்டாவது (30% வரி): 1,608 ரூபாய், அதாவது 42% குறைவு
- மூன்றாவது (20% வரி): 4,968 ரூபாய், அதாவது 50% குறைவு

வரி விகிதம் 150-லிருந்து 30 ஆனால் அது 80% குறைப்பு. ஆனால் உங்கள் பில்லில் 42% தான் குறைகிறது. பாட்டிலின் அடிப்படை விலையும் மாநிலத்தின் நிலையான கட்டணங்களும் அப்படியே இருப்பதால் இந்த வித்தியாசம். அந்த 42 சதவீதமும் இறக்குமதியாளர் லாபத்தைக் கூட்டிக்கொள்ளாமல் முழுவதையும் உங்களுக்குத் தந்தால்தான்.

அதிக நன்மை யாருக்கு? பரோலோ, அமரோனே போன்ற மூன்றாவது பாட்டில் வாங்குகிறவருக்கு. ஒரு பாட்டிலில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம்.

எளிய லாம்ப்ருஸ்கோ, தினசரி வெள்ளை ஒயின்கள், ஆரம்ப நிலை புரொசெக்கோ போன்றவை இத்தாலியிலேயே மலிவானவை. இவற்றில் பல 2.5 யூரோ கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும். கோட்டுக்குக் கீழே விழுந்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மிசலுக்குப் பொருந்தும் ஒயினுக்கு வேலி, பொருந்தாத ஒயினுக்குச் சலுகை என்று ஆகிவிடுகிறது.

இந்தக் கோட்டைப் போட்டவர்கள் சாப்பாட்டை நினைத்துப் போடவில்லை. அவர்கள் மனதில் இருந்தது நாசிக்கின் திராட்சைத் தோட்டம்.

புனேக்குப் பக்கத்திலேயே இத்தாலியத் திராட்சை

இந்தியாவின் நவீன ஒயின் கதை புனே மாவட்டத்தில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கும் நாராயண்காவில், 1980-களில் ஷாம்ராவ் சௌகுலே தொடங்கிய இண்டேஜ் நிறுவனம் பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு நுரைக்கும் ஒயின் செய்து, ஓமர் கய்யாம் என்ற பெயரில் ஐரோப்பாவுக்கே அனுப்பியது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடன் சுமையில் அந்த நிறுவனம் வீழ்ந்தது. அந்தக் காலகட்டத்தில் ஒயின் விற்பனை சரிந்ததும், நாசிக் பக்கம் பல விவசாயிகள் ஒயின் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள்.

இத்தாலியும் இங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இருக்கிறது ஃப்ராத்தெல்லி. இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்' என்று பொருள். டஸ்கனியின் செச்சி சகோதரர்கள், டெல்லியின் சேக்ரி சகோதரர்கள், அக்லூஜின் மோஹிதே-பாட்டீல் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கியது. டஸ்கனியில் பல ஆண்டு கியாந்தி செய்த பியெரோ மாசி அதன் ஒயின் நிபுணர் ஆனார். கரும்புக்குப் பெயர்போன அந்த மண்ணில் சான்ஜோவேசே வளர்கிறது. அவர்களுடைய உயர்வகை ஒயினான 'செத்தே', சான்ஜோவேசேயும் கேபர்னே சாவின்யோனும் கலந்தது.

நாசிக் மாவட்டம் நிஃபாடில் ரெவெய்லோ என்ற சின்ன நிறுவனம் சிசிலியின் நேரோ டாவோலாவையும் கிரில்லோவையும் பயிரிட்டது. மேலே பாண்ட்ரா ரஸாவுக்குச் சொன்ன கிரில்லோ, கப்பல் ஏறாமலேயே மகாராஷ்டிரத்தில் விளைகிறது.

இது எளிதான விவசாயம் இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். தக்காணத்தில் அது தூங்குவதே இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்ய வேண்டும், ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. பனிக்காலத்தில் பழம் முதிர்ந்து, கோடை உச்சம் தொடும் முன் அறுவடை. இந்த முறைகளை ஆராய்வதற்கென்றே மத்திய அரசின் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் புனேயின் மாஞ்சரியில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் விளையும் திராட்சையில் மிகச் சிறிய பங்குதான் ஒயினுக்குப் போகிறது. ஆனால் அந்தச் சிறிய பங்கை நம்பியிருப்பவர்களால் பயிரைச் சட்டென்று மாற்ற முடியாது. நட்டு முதல் நல்ல விளைச்சலுக்கு மூன்று ஆண்டு ஆகும். ஒயின் திராட்சை சின்னது, விதை உள்ளது. ஒயின் ஆலை வாங்கவில்லையென்றால் சந்தையில் சாப்பிட யாரும் வாங்கமாட்டார்கள்.

அப்போ அடி யாருக்கு?

மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். இன்று மலிவு இறக்குமதிக்கும் நடுத்தர இறக்குமதிக்கும் உள்ள இடைவெளி 1,440 ரூபாய். வரிக் குறைப்புக்குப் பிறகு அது 288 ரூபாய்.

500, 700 ரூபாய்க்கு விற்கும் சாதாரண இந்திய ஒயினுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. 2.5 யூரோ வேலி அவர்களைக் காக்கிறது. நெருக்கடி 1,500, 2,000 ரூபாய் வரிசையில் இருக்கும் இந்திய ரிசர்வ் ஒயின்களுக்கு. இன்று அந்த விலையில் நல்ல கியாந்தி கிடைப்பது அரிது. நாளை கிடைக்கும். அக்லூஜின் சான்ஜோவேசேயும் டஸ்கனியின் சான்ஜோவேசேயும் ஒரே அலமாரியில், ஒரே விலையில் நிற்கும்.

இந்தியத் தயாரிப்பாளர்கள் 20 ஆண்டாகத் தரத்தை உயர்த்தி ஏறிவந்த படி இது. மலிவு ஒயினில் லாபம் குறைவு, உயர்வகையில்தான் லாபம். அந்தப் படியில் போட்டி வந்தால், விவசாயிக்குத் தரும் ஒப்பந்த விலையில் அது எதிரொலிக்கலாம். போட்டி நல்லதுதான், வாங்குகிறவருக்குத் தரமும் விலையும் மேம்படும் என்ற வாதமும் சரியே. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்தும் விற்கலாம், தோட்டத்தைச் சுற்றிச் சுற்றுலாவும் நடத்தலாம். நிஃபாடின் சின்னத் தயாரிப்பாளருக்கு அந்த வசதி இல்லை.

மாநில அரசு கையில் என்ன இருக்கிறது?

மது ஜி.எஸ்.டி.க்குள் வராது. அரசியலமைப்பே அதை வெளியே வைத்திருக்கிறது. ஆகவே கலால் வரி, வாட், லேபிள் பதிவுக் கட்டணம் எல்லாம் மாநிலத்தின் விருப்பம். டெல்லி வரியைக் குறைத்த இடத்தில் மாநிலம் தன் கட்டணத்தைக் கூட்டினால், உங்கள் பில் அதே இடத்தில் நிற்கும்.

மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கை கொண்டுவந்தது. மாநிலத் திராட்சையில், மாநிலத்தில் செய்த ஒயினுக்குக் கலால் வரி விலக்கு தந்தது. பிறகு 20% வாட்டில் 16 சதவீதத்தைத் தயாரிப்பாளருக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. வெளியிலிருந்து வரும் ஒயினுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. நாசிக் 'இந்தியாவின் ஒயின் தலைநகர்' ஆனதற்கு மண்ணும் காற்றும் எவ்வளவு காரணமோ, இந்த வரிக் கொள்கையும் அவ்வளவு காரணம்.

அரசியலும் உண்டு. 2022 ஜனவரி 27 அன்று, ஒப்பந்த அறிவிப்புக்குச் சரியாக நான்கு ஆண்டுக்கு முன்பு, அப்போதைய மகாராஷ்டிர அமைச்சரவை 1,000 சதுர அடிக்கு மேல் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. விவசாயிகளுக்கு உதவி என்றது அரசு. எதிர்க்கட்சியான பா.ஜ.க. கடுமையாக எதிர்த்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்று எச்சரித்தார். திட்டம் கிடப்பில் போனது. மகாராஷ்டிரத்தில் சட்டப்படி மது குடிக்கவே பெர்மிட் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டம் 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்.

ஒப்பந்தம் டெல்லியில் முடிந்தாலும், பாட்டில் எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை மும்பைதான் முடிவு செய்யும்.

தமிழ்நாட்டுக்கு என்ன?

தமிழ்நாட்டில் கேள்வியே வேறு. 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். எந்த ஒயினை அலமாரியில் வைப்பது என்று முடிவெடுப்பது ஒரே ஒரு வாடிக்கையாளர், அதாவது அரசு. சுங்க வரி குறைந்தாலும், டாஸ்மாக் வாங்கினால்தான் சென்னையிலோ கோவையிலோ கடையில் பார்க்க முடியும்.

ஆனால் நமக்கும் இத்தாலியோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் வகை. அதன் பெற்றோரில் ஒன்று, வடஇத்தாலியின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் விளையும் ஸ்கியாவா. இன்னொன்று, சிசிலி பக்கத்துத் தீவான பான்டெல்லேரியாவில் ஸிபிப்போ என்று அழைக்கப்படும் திராட்சை. மொஸ்காட்டோ டாஸ்டி செய்யும் திராட்சை இதற்குப் பாட்டி முறை. தேனியில் கூடையில் வாங்கும் பன்னீர் திராட்சையின் வாசனையும் புரண் போளிக்குச் சொன்ன ஒயினின் வாசனையும் ஒன்றை ஒன்று நினைவூட்டினால் அது தற்செயல் இல்லை.

புவிசார் குறியீடு தொடர்பாக ஐரோப்பாவோடு தனி ஒப்பந்தம் பேசப்பட்டு வருகிறது. தங்கள் பொருள்களின் பெயர்களுக்கு இந்தியாவில் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நாசிக் பள்ளத்தாக்கு ஒயின், கம்பம் பன்னீர் போன்ற பெயர்களுக்கு ஐரோப்பாவில் இடம் கேட்க நமக்கும் இது வாய்ப்பு.

இப்போது என்ன செய்யலாம்?

விலை குறையும் என்று இன்றே காத்திருக்க வேண்டாம். ஒப்புதல்கள் முடிந்து, முதல் குறைப்பு அமலாகி, பழைய வரியில் வந்த சரக்கு தீர்ந்த பிறகே கடையில் வித்தியாசம் தெரியும்.

அதுவரை மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்ற வாக்கெடுப்பு ஒன்று. மகாராஷ்டிர அரசு இறக்குமதி ஒயினுக்கான கலால் கட்டணத்தை மாற்றுகிறதா என்பது இரண்டு. உள்ளூர் ஒயினுக்கான வாட் சலுகை தொடர்கிறதா என்பது மூன்று. மூன்றாவதுதான் அக்லூஜுக்கும் நிஃபாடுக்கும் முக்கியம்.

பாட்டில் வாங்கும்போது லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். காரச் சாப்பாட்டுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. சிவப்பு ஒயினையும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், தப்பில்லை. மது விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

குடிக்கிறவர்களுக்கு, ஒப்பந்தம் வரும்வரை செய்துபார்க்க ஒரு சோதனை: மகாராஷ்டிரத்தில் விளைந்த சான்ஜோவேசே ஒன்று, இத்தாலியிலிருந்து வந்த கியாந்தி ஒன்று. பெயரை மறைத்து, ஒரே தட்டு பர்லி வாங்கியோடு நான்கு நண்பர்களுக்குக் கொடுங்கள். எது எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லையென்றால், வரி குறையும் நாளில் எந்தப் பாட்டிலை எடுப்பது என்பது உங்களுக்கு அவ்வளவு எளிய முடிவாக இருக்காது.